ஆளில்லாச் சான்று

தனிமையே மனித ஆன்மாவின் கடைசிக் கோயில் என்று புகைப்படக் கலைஞர் ஆதிரூபன் பதினோரு வருடங்களாக மேடைதோறும் சொல்லிவந்தார். அந்தக் கோயிலுக்குள் நுழைய மூன்று மாதம் முன்னதாகவே டோக்கன் போட்டிருந்தார். நண்பகல் பன்னிரண்டிலிருந்து மாலை ஐந்துவரை, பெட்டிக்காட்டின் ஏழாவது வரிசை. மறுநாள் அதே தனிமை வேறொருவருக்கு.

ரயில்கள் நின்றுபோன பிறகு அவற்றின் பெட்டிகளை எல்லாம் கொண்டுவந்து தள்ளிய பொட்டல்தான் பெட்டிக்காடு. முதல் ஐம்பது வருடம் எவரும் சீந்தவில்லை. பிறகு கைவிடப்பட்ட ரயில் பெட்டிகளின் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கிராக்கி வந்தது. வந்ததும் ஒருவர் படத்தில் இன்னொருவர் முதுகு விழ ஆரம்பித்தது. ஆகவே ஆளில்லாச் சான்று வந்தது. படம் எடுத்த நேரத்திலும் அதன்பின் அரை மணி வரையிலும் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் மனிதர் எவரும் இல்லை என்று அது உறுதி கூறும். சான்றில்லாத வெறுமையை யாரும் சுவரில் மாட்டுவதில்லை.

இதில் ஒரு சின்னச் சிக்கல். படம் எடுப்பவரும் மனிதர்தான். அதற்கும் வழி கண்டார்கள். பிறந்த அன்றே எல்லார் தோளிலும் அரிசி மணியளவில் ஓர் உயிர்க்குறியைப் பதித்துவிடுவார்கள். அதைக் கண்டுதான் கதவுகள் திறக்கும், விளக்குகள் எரியும், இயந்திரங்கள் ஒதுங்கி வழிவிடும். பெட்டிக்காட்டு வாசலில் அதை அணைத்துவிடுவார்கள். ஐந்து மணிக்குத் தானாக எரியும். அதற்குமுன் முடியாது. பேச்சும் செய்தியும்கூட முடக்கம். எடுத்த படம் மட்டும் வெளியே போகும், அதற்கான பாராட்டு மட்டும் உள்ளே வரும்.

ஆதிரூபன் தோளைக் காட்டினார். “நீங்கள் இப்போது இல்லை. நன்றி” என்றது வாசல் இயந்திரம். அவர் பெருமிதத்தோடு உள்ளே நடந்தார்.

அவர் கண்ணில் விழிப்படமி இருந்தது; அழுத்தி இமைத்தால் படம் விழும். அதோடு அவர் நிறத்துறவு பூண்டவர். வண்ணம் உணரும் நரம்பை மாலை மரியாதையோடும் நாதஸ்வரத்தோடும் துண்டித்துக்கொண்டவர். அன்றிலிருந்து சாம்பாரும் பாயசமும் ஒரே சாம்பல். முகர்ந்து பார்த்துத்தான் பிசைவார். அவருக்குப் புகழ் கொடுத்தது ‘பிடிமானம்’ என்ற வரிசை. ரயில் பெட்டிக் கதவின் உட்புறத்து இரும்புக் கைப்பிடி, நாற்பது படங்கள். ‘காலத்தைப் பற்றத் துடிக்கும் மனிதனின் உறைந்த கரம்’ என்று விமர்சகர்கள் எழுதினார்கள். கைப்பிடிக்குக் கீழே தெரிந்த பழைய எழுத்துகளை ‘மொழியின் எலும்புக்கூடு’ என்றார்கள். அவரும் அதையே திருப்பிச் சொல்லி ஒரு டாக்டர் பட்டம் வாங்கியிருந்தார்.

ஏழாவது வரிசையில் தோதான கைப்பிடி அகப்படவில்லை. எட்டாவதில் ஒரு பெட்டி திறந்துகிடந்தது. ஏறினார். நாற்பத்தொன்றாவது கைப்பிடியை நோக்கி இமைத்தார். அந்த நிமிடம் எங்கோ தடாலென்று சத்தம், தரை அதிர்ந்தது, கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

கதவுக்கு எதிரே போய் நின்றார். திறக்கவில்லை. ஓர் அடி பின்வாங்கி மறுபடி போய் நின்றார். உயிர்க்குறி அணைந்திருப்பது நினைவுக்கு வந்ததும் தள்ளிப் பார்த்தார், தோளால் மோதினார், உதைத்தார். மற்ற மூன்று கதவுகளிடமும் இதே மரியாதை கிடைத்தது. ஜன்னல்களில் கம்பி.

கம்பி வழியே பார்த்தபோதுதான் அந்தச் சத்தம் எதுவென்று தெரிந்தது. எட்டாவது வரிசையின் கோடியில் பிழிபொறி நின்றிருந்தது. ஒரு பெட்டியைத் தூக்கும், நசுக்கும், தட்டையாக அடுக்கும், அடுத்ததற்கு வரும். தூக்கும் பெட்டிக்குள் உயிர்க்குறி கண்டால் மட்டும் தானே நின்றுவிடும். அவருக்கும் அதற்கும் நடுவில் பதினொரு பெட்டிகள் இருந்தன.

கத்தினார். இல்லாதவரின் குரலை எந்த இயந்திரமும் பொருட்படுத்தவில்லை. இரும்பு வெயிலில் காய்ந்து அடுப்பாகிக்கொண்டிருந்தது. இருக்கைத் தூசியில் விரலால் ‘காப்பாற்றுங்கள்’ என்று எழுதி, இமைத்து, அனுப்பினார்.

ஒன்பது லட்சம் ரசிகர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. பதில்கள் கண்ணோரத்தில் ஓடின. ‘தூசியைப் பேசவைத்துவிட்டார்.’ ‘அந்தக் கடைசி எழுத்தின் நடுக்கத்தைப் பாருங்கள்.’ மோதி மோதி ரத்தம் கசிந்த முட்டியைப் படமெடுத்து அனுப்பினார். ‘ரத்தத்தைச் சாம்பலாகக் காட்டும் துணிச்சல்’ என்றார் ஒரு மூத்த விமர்சகர். மனைவி வழக்கம்போல் பார்க்காமலே ஓர் இதயம் போட்டாள். மூன்றாவதாக, கம்பிக்கு வெளியே நீண்ட தன் கையை எடுத்தார். அது நன்றாக வந்திருப்பதாக அவருக்கே தோன்றியது. அதற்குள் ஒன்பது பெட்டிகள் போயிருந்தன.

திடீரென்று சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, செருப்பு ஜல்லியை மிதித்து வரும் ஓசை.

“யாருப்பா உள்ள?”

பிழிபொறியின் மேற்பார்வையாளர் மரியபுஷ்பம். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, பொறி தானாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவள் வேலை. ஜன்னல் கம்பிக்கு வெளியே வியர்வையோடு நின்றாள்.

“அம்மா, நீங்கள் இங்கே வரக்கூடாது” என்றார் ஆதிரூபன். “உங்கள் உயிர்க்குறி எரிகிறது. என் சான்று ரத்தாகிவிடும்.”

“அப்டியா. அப்போ போய்ட்டு அஞ்சு மணிக்கா வரேன். நீங்க அப்பளமா இருப்பீங்க, பரவால்லியா?”

அவர் கம்பியை இறுகப் பிடித்தார். “இல்ல, இருங்க. போகாதீங்க.”

“நிறுத்தி வெச்சா இருவது நிமிஷம்தான் நிக்கும், அப்புறம் அதுவா ஓடும். நடந்து வரவே பதினஞ்சு ஆச்சு.”

“எப்படித் தெரிஞ்சுது?”

“படம் பாத்தேன்.”

அந்த நிலையிலும் அவர் முகம் மலர்ந்தது. “எது உங்களைத் தொட்டது? தூசியின் தவிப்பா?”

“ஓரத்துல பொட்டி நம்பர் இருந்துச்சு. இன்னிக்கு லிஸ்ட்ல இருக்கிற நம்பரு. நடுவுல காப்பாத்துங்கன்னு எழுதியிருந்துச்சு. எழுதியிருந்தா படிக்கிறதுதானே சார்?” அவள் தூரத்துப் பொறியைத் திரும்பிப் பார்த்தாள். “கதவத் தொறங்க, சீக்கிரம்.”

“அது என்னை அடையாளம் காணவில்லை.”

“அது எங்க தாத்தனையே அடையாளம் கண்டதில்ல. கைப்பிடிய அமுக்குங்க.”

“எதை?”

“கைப்பிடி சார். கதவுல இரும்பா ஒண்ணு நீட்டிக்கினு இருக்கும் பாருங்க.”

“அது தெரியும்” என்றார் அவர். “நீங்கள் வெளியிலிருந்து ஏதாவது...”

“வெளிய இருந்தத உங்கள மாதிரி யாரோ ஷோகேஸ்ல வெக்கக் கழட்டிக்கினு போயிட்டாங்க. கீழ அமுக்கி உங்க பக்கமா இழுங்க. தள்ளாதீங்க. இழுங்க.”

பொறியின் கை எங்கோ முனகி எழுந்தது. ஆதிரூபன் கைப்பிடியைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் இப்போதுதான் அதைத் தொட்டார். சுட்டது. அமுக்கினார், இறங்கியது. இழுத்தார். கதவு உள்பக்கமாக வந்து அவர் முழங்காலில் இடித்தது.

இரண்டு பேரும் ஏழாவது வரிசைக்குத் தாண்டிய சற்று நேரத்தில் அந்தப் பெட்டி தட்டையானது.

மரியபுஷ்பம் ஒரு கிலோமீட்டருக்குள் வந்துவிட்டதால், கடைசியாக அவர் எடுத்த படங்கள் எதற்கும் சான்று கிடைக்கவில்லை. அவை மனிதத் தடம் பட்டவை என்று நிராகரிக்கப்பட்டன. நாற்பத்தொன்றாவது கைப்பிடி மட்டும் தேறியது. அடுத்த மாதம் ‘பிடிமானம்’ முழு வரிசையும் கண்காட்சிக்கு வந்தது. சிறப்பு விருந்தினர் கண் கலங்கினார். மரியபுஷ்பத்துக்கும் அழைப்பு போயிருந்தது. அவள் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, குனிந்து, உதடசைய வாசித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள்.

நாற்பத்தொரு படங்களிலும், கைப்பிடிக்குக் கீழே, ‘அழுத்தி உட்புறமாக இழுக்கவும்’ என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது.