பதினாறு நிறக் கண்

செவ்வாய்க் கிரகத்தில் விடிந்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, கண் இரண்டையும் கழற்றிச் செந்தூசி போகத் துடைத்து மாட்டுவது. பிறவிக் கண் அந்தத் தூசிக்கு ஒரு வருஷம்கூடத் தாங்காது. கொம்பையா மாட்டியிருந்தது முதல் கப்பலில் வந்த ஒளிக்கண். பதினாறு நிறம்தான் காட்டும். அதில் இல்லாத நிறம் எதிரே வந்தால், இருப்பதில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதைப் பூசிவிடும். கோடி நிறக் கண் இலவசம் என்று கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். சும்மா கொடுக்கிறவன் எதையோ எடுக்காமல் போவானா என்று விரட்டிவிட்டார்.

மனைவி மூக்கம்மாள் அந்தக் கண்ணுக்கு என்றைக்கும் ஒரே பழுப்பு. அந்த மாதம் அவள் கஞ்சியைப் பார்த்தாலே குமட்டினாள். கைகாலை ஓயாமல் சொறிந்தாள். காமாலையோ என்று கொம்பையாவுக்குச் சந்தேகம். அவள் மேனியில் ஏறுகிற மஞ்சளைப் பிரித்துக் காட்ட அவர் கண்ணுக்கு வக்கில்லை.

மகன் தவசியைக் கூப்பிட்டார். அவனுக்குக் கைக்குழந்தையிலேயே கோடி நிறக் கண் பொருத்தியிருந்தார்கள்.

"டேய், ஒங்கம்மா மொகத்த நல்லாப் பாரு. மஞ்சளடிச்சிருக்கா?"

"அம்மாவுக்கென்ன, தகதகன்னு இருக்காக. கோளாறு ஒங்க கண்ணுலதாம்ப்பா."

பார்த்ததை அப்படியே ஆஸ்பத்திரி எந்திரத்துக்கும் அனுப்பினான். நோயில்லை என்று பதில் வந்தது. ஒருத்தரையும் நம்பாத கொம்பையா, அந்த ஒரு தடவை மகன் கண்ணை நம்பினார்.

அடுத்த வாரம் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கண் பழுதுபார்க்கும் ரோசலினிடம் ஓடினார்.

"பதினாறுக்கு மேல ஒண்ணுகூட ஏறாது பெரியவரே. வேணும்னா பழுப்பும் மஞ்சளும் மாத்தி மாத்தி வேகமா மின்னுற மாதிரி வைக்கிறேன். நடுவுல ஒரு நெறம் இருக்கிறதா மூள ஏமாந்துக்கும். ஆனா எல்லாம் துடிக்கும். மண்ட பொளந்துரும்."

"பொளக்கட்டும். வை."

தலையைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தார். சுவர் துடித்தது. கட்டில் துடித்தது. கட்டிலில் மூக்கம்மாள், கறுத்த மேனியெல்லாம் மஞ்சள் பாய்ந்து கிடந்தாள்.

"என்ன, புதுசாப் பாக்குற மாதிரிப் பாக்குறீக?"

"ஒண்ணுமில்ல புள்ள. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஈரல் கெட்டுப்போயிற்று, பொழுது தாண்டாது என்று டாக்டர் கையை விரித்தார். வார்டு வாசலில் ஓடிவந்து நின்ற தவசியின் சட்டையைக் கொம்பையா கொத்தாகப் பிடித்தார்.

"கோடி நெறம் வச்சிருக்கியேடா, இது தெரியலயா?"

"மெருகு போட்டிருந்தேம்ப்பா."

மெருகு என்பது எதிராளியின் முகத்தை வெளுப்பாக, சுருக்கமில்லாமல் மாற்றிக் காட்டும் திரை. கண்ணோடு கூடவே வரும். யாரும் அணைப்பதில்லை; தவசியும் ஒருநாளும் அணைத்ததில்லை. கோடி நிறத்தில் முக்கால்வாசி அந்த வெள்ளைத் தோலுக்கே செலவாயிற்று. அன்று தவசி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் அந்த வெளுத்த முகத்தைத்தான்.

"அணைடா. போறதுக்குள்ள ஒரு தடவையாச்சும் ஒங்கம்மாவப் பாரு."

தவசி அணைத்தான். உள்ளே போனான். வரிசையாகக் கிடந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தபடி கடைசிவரை நடந்தான். நடுவில் ஒரு கட்டிலிலிருந்து ஒரு கை அவனைப் பார்த்து லேசாக எழும்பியது. தாண்டிப் போனான்.

திரும்பி வந்து அப்பாவிடம் கேட்டான்.

"அம்மா எந்தக் கட்டில்ப்பா?"