உயிர் போன இடம்

காரின் பின் இருக்கையில் மட்டும்தான் அந்த நாற்றம். முன்னால் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. பின்னால் ஏறிக் கதவைச் சாத்தியதும் சைலன்சர் புகையும், அதோடு நெஞ்சில் தேய்க்கிற கற்பூரத் தைலமும் கலந்து, ஈரக் கம்பளியை முகத்தில் போட்டு அமுக்கியதுபோல மூச்சை அடைக்கும். நோர்வூட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் வளைவுகளில் தனுஜாவுக்குத் தலை கனத்துக் கண் செருகும்.

"எல்லாம் ஒன் நெனப்பு," என்பான் சுதாகரன். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர், ஊருக்கெல்லாம் நல்ல பிள்ளை. முன்பெல்லாம் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்தவன், கொஞ்ச நாளாக, "பின்னால நல்லா படுத்துட்டு வா, தனு," என்று பாசம் பொழிகிறான். பாசமாம் பாசம். இவளைப் பெண் கேட்டு வந்தபோது பேசிய அதே கொஞ்சல் குரலில் இப்போது வேறு யாரோடோ போனில் பேசுவதை அவள் கேட்டிருக்கிறாள்.

அவன் ஆபீசில் இருந்த நேரம் பார்த்து, நோர்வூட்டில் பிரதாப்பின் கராஜுக்குக் காரைத் தானே ஓட்டிப் போனாள். பிரதாப் அடியில் படுத்துப் பார்த்தான். பின் இருக்கையைத் தூக்கி, கார்ப்பெட்டை உரித்தான். அடித் தகட்டில் கையகல ஓட்டை.

"மிஸ், இது துரு புடிச்சு விழுந்த ஓட்ட இல்லீங்க. வெட்டியிருக்காங்க. கீழ பொகை பைப்பையும் இதுக்கு நேரா லூஸ் பண்ணி வச்சிருக்காங்க."

"எப்ப?"

"வெட்டுனது பழசு. மூடியிருந்த ரப்பர இப்பதான் யாரோ கழட்டியிருக்காங்க. இதுல படுத்துத் தூங்குனா எந்திரிக்க மாட்டீங்க, மிஸ்."

பின் கதவின் உள்பக்கத்தைத் தனுஜா அப்போதுதான் கவனித்தாள். கைப்பிடியைச் சுற்றி நகக் கீறல்கள். ஆழமான ஒரு கீறலில் நகமே ஒடிந்து, நகச்சாயத்தோடு மாட்டிக்கொண்டிருந்தது.

நிலக்ஷி. சுதாகரனின் முதல் மனைவி. மூச்சிழுப்பு வந்து, நெஞ்சில் தைலம் தேய்த்தும் நிற்காமல், வீட்டுக் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தாள் என்றுதான் அவன் சொல்லியிருந்தான். உயிர் போன இடத்தில் கருமாதி வரைக்கும் விளக்கு எரிய வேண்டும் என்பதால் படுக்கையறையில் விளக்கும் வைத்தானாம். பாவி. கொன்றது போதாதென்று, செத்தவளுக்குரிய வெளிச்சத்தையும் இடம் மாற்றி வைத்து ஏமாற்றியிருக்கிறான்.

பிரதாப் ஓட்டையைத் தகடு வைத்து வெல்டிங் பண்ணி அடைத்தான், பைப்பை இறுக்கினான். "பொலிசுக்குப் போவோம், மிஸ். நான் வந்து சொல்றேன்."

"நாளைக்குப் போவோம்," என்றாள். "இன்னைக்கு ஒரு வேல இருக்கு."

அடைத்த பிறகு நாற்றம் போயிருக்க வேண்டும். போகவில்லை. குவாட்டர்ஸ் வாசலில் காரை நிறுத்தி, எஞ்சின் ஆறி, பொனட்டில் பனி படிந்த பிறகும் அது வந்தது. கதவிடுக்கு வழியாக, சமையலறைக்கு, அவள் தேநீர்க் கோப்பைக்குள் வரை வந்தது. பயத்துக்கு மேலே ஆத்திரம் இருந்தது. எண்ணெய் விட்டு ஓர் அகலை ஏற்றி, தட்டில் வைத்து, காரின் பின் இருக்கையில் கொண்டுபோய் வைத்தாள்.

"அக்கா, இங்கதான்னு தெரியாமப் போச்சு. வாங்க."

நாற்றம் சட்டென்று நின்றது. மலையிலிருந்து இறங்கிய மூடுபனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. விளக்குக்குப் பக்கத்தில் இருக்கை மெல்ல அமுங்கியது. யாரோ உட்காருவதுபோல.

தனுஜா சாவியோடு வெளியே பாய்ந்தாள்.

சுதாகரன் வேலை முடிந்து சிரித்துக்கொண்டே வந்தான். "வா தனு, பொகவந்தலாவைக்குப் போய் ஒங்கம்மாவப் பாத்துட்டு வருவோம். ஈட்டர் போடுறேன், நீ பின்னால படுத்துத் தூங்கு."

முன் கதவைத் திறந்து உட்கார்ந்தான். சாவிக்காகக் கையை நீட்டினான். கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

"யாருக்குடி வெளக்கு?"

"உயிர் போனவங்களுக்கு."

அவன் முகம் வெளுத்தது. விளக்கை ஊதி அணைக்கத் திரும்பினான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நான்கு பூட்டுகளும் விழுந்தன.

புகை வந்தது. இருக்கைக்கடியிலிருந்து அல்ல. எங்கிருந்தென்று தெரியவில்லை. சாம்பல் நிறம். கெட்டியாக. அவன் கதவை உதைத்தான். கண்ணாடியில் அறைந்தான். வாய் அசைந்தது. தனு. தனு.

எஞ்சின் ஓடவில்லை. சாவி அவள் கையில் இருந்தது.

சாவியில், பூட்டைத் திறக்கும் பொத்தானில் அவள் விரல் இருந்தது. லேசாக அமுக்கினால் போதும். வெட்டிய தகரம் நினைவுக்கு வந்தது. பாசம் பொழிந்த அந்தக் குரலும். விரலை எடுத்துவிட்டாள்.

அறைவது நின்றது.

அவள் கிட்டப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். பின் இருக்கையிலிருந்து எட்டிக் குனிந்து ஒரு பெண் அவன் தலையை இரு கைகளாலும் ஏந்தியிருந்தாள். அவள் வாய் அவன் வாய்மேல் இருந்தது. முத்தமில்லை. புகையை உள்ளே ஊதிக்கொண்டிருந்தாள். அவன் கன்னங்கள் உப்பின, மூக்கு வழியாகப் புகை கசிந்தது, கண்கள் இன்னும் அசைந்தன.

நிலக்ஷி தலையை நிமிர்த்தித் தனுஜாவைப் பார்த்தாள். நிதானமாக மூச்சை இழுத்துக்கொண்டாள். மறுபடி குனிந்தாள்.