மூச்சடக்கி நின்றவள்

மழைக்கு ஒதுங்கித்தான் அவள் அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் வந்தாள். சும்மா நிற்கக் கூச்சம். கோணலாக உட்கார்ந்திருந்த தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினாள்.

கடைக்காரன் கம்பியை வளைத்து மாட்டிவிட்டு, அவள் காதில் பொருந்துகிறதா என்று குனிந்து பார்த்தான். நனைந்த இமைகள்... பெரிய கண்கள்... மூச்சை மட்டும் காணோம். முகம் சிவக்க அடக்கிக்கொண்டிருந்தாள். அவன் விலகியதும்தான் புஸ்ஸென்று விட்டாள். மறுபடி குனிந்தான். மறுபடியும் அதே.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏங்க, என் மேல நாத்தம் அடிக்குதா?"

கல்லாவில் இருந்த அவன் அக்கா விடவில்லை. "பூண்டை அள்ளித் தின்னுட்டு வந்தா, பாவம் அந்தப் பொண்ணு என்னடா பண்ணும்?"

அவள் சிரித்துவிட்டாள். உடனே பயந்து வாயைப் பொத்திக்கொண்டு வாசலோரம் போய் நின்றாள்.

"உங்க மேல தப்பில்லீங்க... ஊரெல்லாம் பரவுச்சே, அந்தத் தொத்துக் காய்ச்சல், எனக்குத்தான் வீட்டுல முதல்ல வந்துச்சு. பக்கத்துலயே இருந்து பார்த்துக்கிட்ட அம்மாவுக்கும் ஒட்டிக்கிச்சு. நான் பொழச்சுட்டேன். அம்மா போயிட்டாங்க."

"இப்ப சரியாயிடுச்சுல்ல?"

"டாக்டர் அப்படித்தான் சொல்றார். ஆனா யாராச்சும் கிட்ட வந்தா மூச்சு தானா நின்னுடுது. அப்பாகூட உக்காந்து சாப்பிட்டே ரொம்ப நாளாச்சு."

அவனுக்கு ஆறுதல் சொல்ல வராது. காசு வேண்டாம் என்று மட்டும் சொன்னான்.

அதன்பின் வாரம் தவறாமல் அவள் கண்ணாடி லூசானது. அக்காவுக்கு உடனே புரிந்தது. அவனுக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது. புரிந்த அன்றே, வாசலோரம் நின்றவளிடம் நேராகக் கேட்டான்.

"எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. உங்களுக்கு?"

"என்கூட இருந்தா தினமும் இந்தக் கூத்துதான். கிட்டயே வரமுடியாது..."

"தள்ளியே நிக்கறேன். ஆனா போகமாட்டேன்."

அக்கா அவசர வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டாள்.

பதிலை வாசலிலிருந்தே சொல்லியிருக்கலாம். அவள் நடந்து வந்தாள். நெருங்க நெருங்க மூச்சு நின்றது. அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். உதடு அசைந்தது... சத்தம் வரவில்லை. மூச்சில்லாமல் எப்படி வரும்?

அவன் அசையாமல் காத்திருந்தான்.

"எனக்கும்தான்," என்றாள்.

அவன் போட்டிருந்த கண்ணாடியில் ஆவி படர்ந்தது. ஒன்றும் தெரியவில்லை. அவன் துடைக்கவில்லை.