இறங்கும் புள்ளிகள்

வானாய்வு நிலையத்தில் பகல்தான் நடுநிசி. இரவெல்லாம் கண்விழித்தவர்கள் கறுப்புத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு உறங்கிக்கொண்டிருந்தார்கள். என் மருமகளோடு அந்த நீண்ட தாழ்வாரத்தில் நடந்தபோது எங்கள் செருப்புச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

கடைசி அறை என் மகனுடையது. அவன் இறந்து ஒரு வருடமாகிறது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து அவன் வேலையைத்தான் இப்போது அவள் செய்கிறாள். ஒரு நட்சத்திரத்தில் அவன் கண்டுபிடித்ததாக உலகம் ஒப்புக்கொண்ட உலோகம் அங்கே இல்லவே இல்லை, அது தவறு என்று அறிவிக்கப் போகிறாளாம். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் சும்மா இருக்கும் ஆள் நானில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றதில்லை.

கணினித் திரையில் அந்த நட்சத்திரத்தின் ஒளி, நடுங்கும் கோடாக நீண்டு கிடந்தது. அதன் தலைமேல் புள்ளிகள் வைத்து, அவற்றை இணைத்து வழவழப்பான இன்னொரு கோடு வரைய வேண்டுமாம். அந்தக் கோட்டால் வகுத்தால் ஏற்ற இறக்கமெல்லாம் சமமாகிப் பள்ளங்கள் மட்டும் மிஞ்சும். எந்தப் பள்ளம் எந்த உலோகம் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

"இஸ்திரி போடற வேலைக்கா இத்தனை படிப்பு?" என்றேன்.

"உங்க பையனும் இதையேதான் சொல்வார், மாமா." அவள் சிரிக்கவில்லை. மிகவும் களைத்திருந்தாள். "இது ரொம்ப மங்கலான நட்சத்திரம். பாதி வெறும் இரைச்சல், கருவியோட நடுக்கம். அவர் அந்த இரைச்சலோட உச்சியில புள்ளி வச்சுட்டார். கோடு மேல ஏறிடுச்சு. இல்லாத பள்ளம் இருக்கற மாதிரி தெரிஞ்சுது."

"என் பையன் பொய் சொன்னாங்கறியா?"

"தப்புன்னுதான் சொல்றேன்."

"ஊருக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. அவன் வச்சது வச்சபடியே இருக்கட்டும்."

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திரையில் ஒரு புள்ளி இறங்கியது.

"தொடாதேன்னு சொல்றேன்ல?"

"நான் தொடல, மாமா."

இன்னொன்று இறங்கியது. அவசரமே இல்லை. நாள் முழுக்க உழைத்தவன் கடைசி வேலையை முடித்துவிட்டுப் படுக்கலாம் என்று செய்வதுபோல இருந்தது. மருந்து வாசனை எழுந்தது. அவன் கடைசியாகப் படுத்திருந்த அறையின் வாசனை.

"நானும் மறைக்கத்தான் பாத்தேன்," என்று கிசுகிசுத்தாள். "ஒரு வாரமா மேல ஏத்தி ஏத்தி வைக்கறேன். விடமாட்டேங்கறார்."

நான் மவுஸைப் பிடித்தேன். புள்ளியை மேலே இழுத்தேன்.

என் புறங்கையின்மேல் ஒரு கை படிந்தது.

கனமில்லை. குளிர்ந்த, மெலிந்த விரல்கள்.

"விடுடா," என்றேன். "நம்ம பேரு கெட்டுடும்."

விடவில்லை. என் கையையும் சேர்த்தே கீழே கொண்டுபோயிற்று. பள்ளம் மேலெழுந்து, இரைச்சலோடு இரைச்சலாகக் கரைந்தது.

காதருகே ஒரு பெருமூச்சு கேட்டது.

"திருத்தத்தை அனுப்பிடும்மா," என்றேன், மவுஸை விட்டுவிட்டு. "அவன் பேரை முதல்ல போடு. திருத்தினவன் அவன்தான்."

அனுப்பினாள். கணினியை அணைத்தாள். நான் நிமிர்ந்துதான் வெளியே நடந்தேன்.

அவள் கதவைப் பூட்டும்போது உள்ளே வெளிச்சம் வந்தது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். அணைத்த திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதில் வேறொரு நட்சத்திரம். அவனுக்கு விருது வாங்கித் தந்தது.

அதன் முதல் புள்ளி இறங்கத் தொடங்கியது.