கொலைக்கு ஒரு 'க்'!

டெலிபோன் அலறியது!

சின்னவர் எரிச்சலோடு ரிசீவரை எடுத்தார்.

பட்டப்பகல். மாலைப் பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரம். இந்த நேரத்தில் சின்னவருக்குத் தலைக்கு மேல் வேலை.

"சார்… முடிச்சாச்சு!"

மறுமுனையில் ஒரே இரைச்சல். அச்சு மிஷின் ஓடும் கீழ்த்தளத்திலிருந்து 'கத்தரி' பேசினால் எப்போதும் இப்படித்தான்.

கத்தரி என்பது செய்தி ஆசிரியரின் பட்டப்பெயர். எந்தச் செய்தியைக் கொடுத்தாலும் பாதியாக வெட்டித் தருவார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும்.

"நல்லா வெட்டினியா?" என்றார் சின்னவர்.

"வெட்டிட்டேன் சார். மூணு இடத்துல."

"சபாஷ்! சுத்தமா இருக்கணும். நாளைக்கு எவனும் நம்ம மேல விரல் வைக்கக் கூடாது!"

"வைக்க மாட்டான் சார்."

"சரி, அனுப்பிடு!"

"அனுப்பியாச்சு சார்!"

டொக்!

சின்னவர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். நாளைக்கு கோர்ட்டில் அவருடைய வழக்கு. அதைப் பற்றி முதல் பக்கத்தில் காரசாரமாக ஒரு செய்தி எழுதியிருந்தார். 'ஜட்ஜ் கண்ணுல பட்டா வம்பு, வெட்டுங்க' என்று வக்கீல் சொன்னதால் கத்தரியிடம் தள்ளிவிட்டிருந்தார்.

கதவு திறந்தது.

கத்தரி நின்றிருந்தார். கையில் பக்கத்தின் ப்ரூஃப்.

"சார், கேஸ் நியூஸ்ல எந்த இடத்தை வெட்டறதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா…"

"ஏம்ப்பா, இப்பத்தானே போன்ல முடிச்சாச்சுன்னே?"

"நானா? நான் படியேறி வந்துக்கிட்டிருந்தேன் சார்!"

"அப்போ பேசினது…?"

கத்தரியின் மொபைல் சிணுங்கியது. எடுத்தார். கேட்டார். அவர் கையிலிருந்த ப்ரூஃப் நழுவித் தரையில் விழுந்தது.

"சார்… பெரியவரை…"

"அண்ணனுக்கு என்ன?"

"அவர் ஆபீஸ் கார் நிறுத்தற இடத்துல… கத்தியால… மூணு குத்து சார்!"

மூணு இடத்துல…!

சின்னவர் டெலிபோனைத் திரும்பிப் பார்த்தார்.

* * *

ஒரு எழுத்தைத் திருடினான் என்று வழக்குப் போடுபவர்கள் உண்டு. ஒரு எழுத்தை விட்டுவிட்டான் என்று போட்ட வழக்கு இது.

அப்பா ஆரம்பித்த மாலைப் பத்திரிகையின் பெயர் 'மணிக்கூண்டு'. அப்பா போன பிறகு அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒத்துவரவில்லை. கட்டடம், மிஷின், பெயர் எல்லாமே பெரியவர் கைக்குப் போயின. ரோஷத்தில் சின்னவர் வெளியேறினார். கூடவே எண்பது பேர் எழுந்து வந்தார்கள்.

எதிர்த்த தெருவில் புதுப் பத்திரிகை முளைத்தது.

'மணிகூண்டு'!

நடுவிலிருந்த 'க்' மட்டும் காணோம். இலக்கணப்படி தப்பு. ஆனால் வியாபாரப்படி பிரமாதம்! கடையில் கேட்கிறவர் வாயில் 'க்' வந்ததா இல்லையா என்பது கடைக்காரருக்கே வெளிச்சம்.

நாலு வருஷமாக வழக்கு. 'இரண்டு பெயரும் வேறு வேறு. எந்தப் பாமரனும் குழம்ப மாட்டான்' என்று சின்னவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருந்தார்.

போன வாய்தாவின்போது கோர்ட் வராந்தாவில் இருவரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். பெரியவர் பழக்கதோஷத்தில், "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுவிட்டு, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதுதான் அண்ணன் பேசிய கடைசி வார்த்தை. 'சாப்பிட்டேன்' என்றுகூடத் தான் சொல்லவில்லையே என்று சின்னவர் மேஜையில் தலைகவிழ்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

* * *

அழுது முடிக்க இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"உங்க பேப்பருக்கு இன்னைக்குத் தலைப்புச் செய்தியே நீங்கதான் சார்!" என்றார் அவர், எதிரில் உட்கார்ந்துகொண்டே.

"என்ன சொல்றீங்க?"

"குத்தினவன், உங்க அண்ணன் மொபைல்லேருந்தே ஒரு போன் பண்ணிட்டு, அதைப் பொணத்துப் பக்கத்துல போட்டுட்டுப் போயிருக்கான். கேஸ் ஆரம்பிச்சதுலேருந்து உங்க அண்ணன் எல்லா போன் காலையும் ரெக்கார்ட் பண்ற மாதிரி வெச்சிருந்தாராம். கேக்கறீங்களா?"

பட்டனை அழுத்தினார்.

'சார்… முடிச்சாச்சு!'

'நல்லா வெட்டினியா?'



'சபாஷ்! சுத்தமா இருக்கணும்…'

"சார்! அது பேஜைப் பத்திப் பேசினது! செய்தியை வெட்டறதைத்தான் சொன்னேன்!"

"ஓஹோ! அப்போ போன்ல பேசினது உங்க செய்தி ஆசிரியரா?"

"இல்லை… அவர் படியில இருந்தார்."

"பேஜை வெட்டியாச்சா?"

"இல்லை… இன்னும் வெட்டலை…"

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"பேஜ் வெட்டுப்படலை. அண்ணன் வெட்டுப்பட்டார். எழுந்திருங்க சார்!"

* * *

லாக்கப்பின் சுவரில் யாரோ நகத்தால் ஒரு படகு வரைந்திருந்தார்கள். சின்னவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பிக்கு வெளியே நின்ற வக்கீல் உதட்டைப் பிதுக்கினார்.

"பேஜ் கதையை என் பொண்டாட்டியே நம்ப மாட்டா சார். ஜட்ஜ் எப்படி நம்புவார்?"

"நான் கொல்லலைய்யா! அவன் என் அண்ணன்!"

"அண்ணனை எதிர்த்து நாலு வருஷமா கேஸ் நடத்தினவரும் நீங்கதானே? ரெக்கார்டிங்கில இருக்கிறதும் உங்க குரல்தானே? மேல இருக்கிறவனைக் கும்பிட்டுக்குங்க. வேற வழி இல்லை!"

அப்போது ஸ்டேஷன் வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

அண்ணி!

அழுது வீங்கிய கண்கள். ஒரு கான்ஸ்டபிள் நாற்காலி போட்டார். அண்ணி உட்காரவில்லை. நேராகக் கம்பி அருகே வந்தாள். சின்னவர் எழுந்து கைகூப்பினார்.

"அண்ணி! சத்தியமா நான்…"

"தெரியும் தம்பி. நீங்க பண்ணலை."



அண்ணி குரலைத் தாழ்த்தினாள்.

"இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுது. பண்ணினது உங்க அண்ணன்தான்."

"என்னது…?"

"உங்களைத் தீர்த்துக்கட்ட ஆள் ஏற்பாடு பண்ணினார். 'மணிகூண்டு ஓனரை முடிச்சிடு'ன்னு வீட்டு லேண்ட்லைன்ல சொன்னதை என் காதால கேட்டேன். தடுத்தேன். கேக்கலை."

"அண்ணனா… என்னையா?"

"வந்தவன் கூலிக்காரன். 'க்' இருக்கா இல்லையான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? பேரைக் கேட்டுட்டு 'மணிக்கூண்டு'க்கே வந்துட்டான். இவரையே குத்திட்டான். அப்புறம் இவர் மொபைல்ல 'மணிகூண்டு'ன்னு இருந்த உங்க நம்பரைப் பார்த்து, தன்னை அனுப்பின முதலாளி அங்கேதான் இருக்கார்னு நினைச்சு போன் பண்ணிட்டான்."

வக்கீல் துள்ளிக் குதித்தார்.

"அம்மா! இதை போலீஸ்ல எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்கறேன். செத்தவர் திரும்பி வரப்போறதில்லை. இருக்கிற தம்பியையும் தூக்குக்கு அனுப்பிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

சின்னவருக்கு அழுகை பீறிட்டது. கொழுந்தனைக் காப்பாற்றப் புருஷனின் மானத்தையே விடத் துணிந்த மகராசி! இவளையா நாலு வருஷமாக 'வில்லி' என்று வீட்டில் திட்டிக்கொண்டிருந்தோம்?

ஆனால் துள்ளிய வக்கீலின் முகம் அதே வேகத்தில் சுருங்கியது.

"ஒரு சிக்கல் இருக்கு சார்."

"என்ன?"

"ரெண்டு பத்திரிகைப் பேருக்கும் வித்தியாசம் தெரியாம கொலைகாரன் குழம்பினான்னு இங்கே சொல்லணும். 'எவனும் குழம்ப மாட்டான்'னு அங்கே கோர்ட்ல சத்தியம் பண்ணியிருக்கோம்!"

சின்னவர் மெதுவாக நிமிர்ந்தார்.

"அதாவது…"

"குழம்பினான்னா உங்க கழுத்து தப்பும். பேப்பர் போயிடும். குழம்பலைன்னா பேப்பர் நிக்கும். நீங்க தொங்குவீங்க!"

எண்பது குடும்பங்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள். தன்னை நம்பி, இருந்த வேலையை உதறிவிட்டுப் பின்னால் வந்தவர்கள். சின்னவர் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டார்.

"அவங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க தம்பி" என்றாள் அண்ணி, மனதைப் படித்தவள் போல. "எண்பது பேரையும் நான் பாத்துக்கறேன். நமக்குள்ள என்ன?"

சின்னவர் தலையாட்டினார். வேறு என்னதான் செய்வார் மனுஷர்?

* * *

பெயர் வழக்கு நடக்கும் கோர்ட்.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தப் பாமரனும் குழம்ப மாட்டான்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே?"

"நான்தான் ஐயா."

"இப்போ?"

"குழம்பிட்டான் ஐயா." சின்னவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கு என் அண்ணன் பொணமே சாட்சி."

ஜட்ஜ் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். தீர்ப்பு எழுத அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. 'மணிகூண்டு' அன்றோடு நின்றது.

அண்ணியின் வாக்குமூலத்தால் கொலைப் பழியும் விலகியது. இன்ஸ்பெக்டர் கைகுலுக்கி, "தப்பிச்சீங்க!" என்றார்.

மறுநாள் எண்பது பேரும் எதிர்த்த தெரு 'மணிக்கூண்டு'க்குப் போனார்கள். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். கத்தரிதான் பேசினார்.

"காலி இடம் இல்லைன்னு வாட்ச்மேன் சொல்லிட்டான் சார்."

"அண்ணியைப் பாத்தீங்களா?"

"கேட்டைத் தாண்டினாத்தானே பாக்கறதுக்கு?"

சின்னவர் போன் போட்டார். அண்ணி எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. துக்க வீடு, பாவம், என்ன வேலையாக இருக்கிறாளோ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கத்தரி தன் மேஜையைக் காலி செய்தார். போகும்போது, "வரேன் சார்" என்றார். எங்கே வருவார்? எதற்கு வருவார்? இருவருக்கும் தெரியவில்லை.

* * *

ஆபீஸ் வெறிச்சோடிக் கிடந்தது. வாசலில் ஏணி போட்டுப் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சுத்தியல் சத்தம் உள்ளே கேட்டது.

"உள்ளே வரலாமா சார்?"

இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. பார்த்தால் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மாதிரி இருந்தான். கையில் மடித்த பத்திரிகை.

"பேப்பர் நின்னுடுச்சுப்பா. விளம்பரம்லாம் வாங்கறதில்லை."

"விளம்பரம் இல்லை சார். ஒரு மறுப்பு போடணும்."

"எதுக்கு மறுப்பு?"

வந்தவன் பத்திரிகையைப் பிரித்து மேஜையில் வைத்தான். 'மணிகூண்டு'வின் கடைசி இதழ். 'ஆள் மாறாட்டத்தால் விபரீதம்! கூலிப்படைக் கொலைகாரனின் குளறுபடி!'

"இந்தக் குளறுபடிங்கிற வார்த்தை எனக்குப் பிடிக்கலை சார்."

அந்தக் குரல்…!

சின்னவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நீ… நீதான்…"

"பதினஞ்சு வருஷமா தொழில் பண்றேன். ஒரு தடவைகூட ஆள் மாறினதில்லை. இப்படி எழுதினா எவன் சார் என்னை நம்பி வேலை குடுப்பான்? மார்க்கெட்ல எனக்கும் ஒரு பேர் இருக்கு. பேர் கெட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"ஆள்… மாறலையா?"

"'க்' வெச்ச மணிக்கூண்டுன்னு எனக்குத் தெளிவா எழுதியே காட்டினாங்க சார். குத்திட்டு, அவர் மொபைல்லேருந்தே உங்களுக்கு ஒரு போன் பண்ணி 'முடிச்சாச்சு'ன்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். மத்ததெல்லாம் நீங்களாப் பேசினதுதான்!"

சின்னவரின் கை டெலிபோனை நோக்கிப் பாய்ந்தது.

"போலீஸைக் கூப்பிடறேன்!"

"தாராளமா கூப்பிடுங்க." அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "வந்ததும் நான் என்ன சொல்வேன்? 'ஆள் மாறலை'ன்னு உண்மையைச் சொல்வேன். அப்புறம் அந்த ரெக்கார்டிங்கை மறுபடி போடுவாங்க. 'நல்லா வெட்டினியா… சபாஷ்'னு. 'குழம்பிட்டான்'னு நீங்க பண்ணின சத்தியமும் பொய்யாயிடும். ரெண்டு பேரும் சேர்ந்தே தொங்கலாம் சார். எனக்குத் துணை ஆச்சு!"

சின்னவரின் கை ரிசீவர் மேலேயே செத்துக் கிடந்தது.

வாசலில் பலகை தரையில் விழும் சத்தம் கேட்டது.

"யாருய்யா…" என்றார். "யார் உனக்கு எழுதிக் காட்டினது?"

"தொழில் ரகசியம் சார். வாடிக்கையாளர் பேரை நான் வெளியில விடறதில்லை. மறுப்பு எப்போ போடுவீங்க?"

"எந்தப் பேப்பர்ல போட?" சின்னவர் சிரித்தாரா, அழுதாரா, அவருக்கே தெரியவில்லை. "என்கிட்டதான் பேப்பரே இல்லையேய்யா!"

"அட, ஆமால்ல!"

அவன் எழுந்தான். பத்திரிகையை நிதானமாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"பரவாயில்லை சார், நான் 'மணிக்கூண்டு'லேயே கேட்டுக்கறேன். அங்கே ஓனரம்மா நம்ம கஸ்டமர்தான்!"