கதவு என்றொரு பட்டப்பெயர்

லவீனாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு நாள் கோபமல்ல, ஒரு மாதக் கோபம்.

குருநகரில் அவர்களுடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பழைய கூத்து ஒன்றைப் பழகிக்கொண்டிருந்தார்கள். அதில் வரும் தளபதி பொன்னுக்கு ஆசைப்பட்டு, தன்னை நம்பிய அரசனின் கோட்டைக் கதவைப் பகைவருக்குத் திறந்துவிடுவான். அரசன் செத்துப்போவான். லவீனா அரசன். அவளுடைய உயிர்ச் சினேகிதி சுவர்ணா தளபதி.

சுவர்ணா நன்றாக நடித்தாள். அதுதான் வினையாகிவிட்டது.

சிமியோன்தான் தொடங்கினான். கூத்தில் அவன் அரசனின் காவலன். "உயிர் போனாலும் உங்கள் பக்கம்" என்று ஈட்டியைத் தூக்கிச் சத்தியம் செய்வான். இடைவேளையில் அதே வாயால், "கதவு வாறாள், பையைக் கவனமாப் பாருங்கோடா" என்பான். வகுப்பே சிரிக்கும். நல்ல விசுவாசம்தான் என்று லவீனா பல்லைக் கடித்தாள்.

குருநகரில் ஒரு பட்டப்பெயர் ஒட்டினால் ஒட்டினதுதான். சந்தையில் மீன் விற்கும் சீவரத்தினம் மாமாவும் சின்ன வயதில் அதே தளபதியாக நடித்தவர். தலை நரைத்த பிறகும் ஊருக்கு அவர் 'கதவு சீவரத்தினம்'தான்.

"எனக்கும் கடைசிவரைக்கும் இந்தப் பேர்தான்" என்று சுவர்ணா அழுதாள். "நான் நடிக்கமாட்டன்."

வேறு ஒருவரும் அந்த வேடத்துக்கு முன்வரவில்லை. தளபதி இல்லாவிட்டால் கூத்தே இல்லை.

"நீ நடி" என்றாள் லவீனா. "ஆரும் ஏசினால் நான் பார்த்துக்கொள்ளுறன். நான் அரசனெல்லே?"

"அந்த நேரம் நீ செத்துப்போயிருப்பாய்."



கூத்தன்று பள்ளிக்கூட வளவு நிறையச் சனம். கதவு திறந்தது. காவலன் செத்தான், அரசனும் செத்தான். செத்த பிறகு கண்ணிமைகூட அசையக் கூடாது என்பது கூத்துப் பழக்கிய மார்கிரட் ரீச்சரின் கட்டளை. லவீனா கட்டைபோலக் கிடந்தாள்.

தளபதி மனம் வெந்து பாடும் கடைசிப் பாட்டு தொடங்கியது. சனம் தளபதியைத் திட்டியது. ஒரு செருப்பு பறந்து வந்து மேடையில் விழுந்தது. பின்னால் பொடியள் கூட்டமாகக் "கதவு, கதவு" என்று கத்தினார்கள். சுவர்ணாவின் பாட்டு பாதியில் நின்றது. அவள் திரைப்பக்கமாக நகருவது லவீனாவின் காதில் விழுந்தது.

செத்த அரசன் எழும்பினான்.

"கதவைத் திறந்தது கூத்திலை வாற தளபதி" என்றாள் லவீனா. "இவள் சுவர்ணா. என்ரை சினேகிதி. இனி ஆரும் இவளைக் கதவு எண்டு கூப்பிட்டால், நான் திரும்பவும் எழும்புவன்."

கிரீடத்தைச் சரிசெய்தாள். பக்கத்தில் செத்துக் கிடந்த சிமியோனுக்குக் காலால் ஓர் உதை கொடுத்தாள். பிறகு படுத்து, மறுபடியும் செத்துப்போனாள்.

மார்கிரட் ரீச்சர் தலையில் கைவைத்தார். கடைசி வரிசையில் சீவரத்தினம் மாமா மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். தட்டிக்கொண்டே நின்றார். மற்றவர்களும் தட்டத் தொடங்கினார்கள். சுவர்ணா மூக்கைத் துடைத்துக்கொண்டு பாட்டை முடித்தாள்.

இப்போது அவளை ஒருவரும் கதவு என்பதில்லை. ஊருக்குப் புதுப் பட்டப்பெயர் ஒன்று கிடைத்துவிட்டது: 'செத்தெழும்பி'.

அப்படிக் கூப்பிட்டால் லவீனா, "ஓம், என்ன?" என்று திரும்பிப் பார்க்கிறாள்.