மாவ்பிக் குளத்து விரால்

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இறைச்சி கிடையாது. மீன் உண்டு. இந்த ஒரு சலுகையை வைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு மார்ச் மாதமும் தூண்டிலோடு ஊர் சுற்றுவேன். பக்தி பாதி, ஆசை பாதி என்பாள் என் மனைவி அஞ்சலி. பாதி என்று சொன்னது அவள் பெருந்தன்மை.

அந்த வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பர்மாவில் நாங்கள் இருக்கும் தாகேதாவிலிருந்து இரண்டு பஸ் மாறி மாவ்பியில் இறங்கியபோது மணி எட்டு. அஞ்சலியின் அண்ணன் ரவிக்கு அங்கே ஒரு சுரைக்காய்த் தோட்டம் இருக்கிறது. தோட்டத்தின் கடைசியில் ஒரு சின்னக் குளம். அதில் விரால் கிடக்கிறது என்று பொங்கலுக்கு வந்தபோதே என் கண் பார்த்துவைத்திருந்தது.

ரவி காய் கொண்டு சந்தைக்குப் போயிருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. "அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எறங்குங்க" என்று அஞ்சலி சொல்லித்தான் அனுப்பினாள். மச்சான் வீட்டுக் குளத்துக்கு அனுமதி எதற்கு என்று படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு போன் போட்டிருந்தால் போதும். போடவில்லை.

ரவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுடைய அப்பா தமிழர், அம்மா பர்மியப் பெண்மணி. அஞ்சலி என்னைக் கட்டிக்கொண்டு மாதா கோவிலுக்கு வந்துவிட்டாள். ரவி புத்தரோடும் முருகனோடும் நாட் தெய்வங்களோடும் இருந்துவிட்டார். நாட் என்றால் பர்மியர்களின் காவல் தெய்வம். அதற்காக வீட்டுத் தூணில் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் ஒன்றைத் தொங்கவிடுவார்கள். கல்யாணமான புதிதில், "மச்சான், தேங்கா முத்திப்போச்சே, சட்னி அரைச்சிடலாமா?" என்று கேட்டுத் தொலைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ரவி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சாமி சமாசாரம் எதையும் அவர் என்னிடம் பேசியதே இல்லை.

போன மழைக்காலத்தில் அஞ்சலி பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். நுரையீரலில் நீர். ராத்திரியும் பகலும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்ததில் அது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. இரண்டு குட்டை மூச்சு. பிறகு ஒரு நீள மூச்சு. அதன் முடிவில் தொண்டையில் ஒரு சின்ன விக்கல். விக்கலுக்குப் பிறகு அடுத்தது வருமா வராதா என்று நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பேன். பதினொன்றாம் நாள், "சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள்" என்றார் டாக்டர். பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். ஊசியும் ஜெபமாலையும் காப்பாற்றின என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ரவி தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் இல்லாத வீட்டில் ஒரு நாள் இருக்க என்னால் முடியாது. இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

குளத்தங்கரையில் நின்று தூண்டிலைப் பூட்டினேன். இரைக்குப் பதில் ரப்பர் தவளை, அதில் மேல்பக்கம் திரும்பிய இரட்டைத் தூண்டில் முள். எங்கோ சருகு எரிக்கும் வாசனை வந்தது. வெயில் அதற்குள் உறைக்கத் தொடங்கியிருந்தது. பந்தலில் சுரைக்கொடிகள் வாடித் தொங்கின. ஆனால் பம்பு செட்டிலிருந்து வந்த குழாய் கொடிகளுக்குப் போகாமல் குளத்துக்குள் போயிருந்தது. மச்சானுக்கு மூளை குழம்பிவிட்டதா என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அந்த அமைதியைக் கவனித்தேன்.

மார்ச் மாதத்துக் குளம் இப்படி இருக்காது. தவளை கத்தும், மீன்கொத்தி பறக்கும், தும்பி சுற்றும். இங்கே ஒன்றும் இல்லை. பாசி படிந்த தண்ணீர் அசையாமல் கிடந்தது.

விரால் பிடிப்பவனுக்குக் காதுதான் முக்கியம். விரால் தண்ணீருக்குள்ளேயே இருந்துவிடும் மீன் அல்ல. மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். மேலே வந்து வாயைத் திறக்கும்போது 'ப்ளக்' என்று ஒரு சத்தம், ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தவளையைப் போட வேண்டும். ஒரு தடவை மூச்சு வாங்கினால் மறுபடி வரப் பல நிமிஷம் ஆகும்.

நடுக்குளத்தில் ஒரு வட்டம் விரிந்தது.

உடனே இன்னொன்று.

பிறகு பெரிதாக ஒன்று. அதன் நடுவில் ஒரே ஒரு குமிழி வந்து உடைந்தது.

நான் தூண்டிலை ஓங்கியபடி நின்றுவிட்டேன். மறுபடியும் அதே இடத்தில் இரண்டு சின்ன வட்டம், ஒரு பெரிய வட்டம், ஒரு குமிழி. எந்த விராலும் இப்படி மூச்சு வாங்காது. குமிழி உடைந்ததும், அடுத்தது வருமா வராதா என்று நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் செய்ததைப் போலவே.

அப்போதே தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். புத்தி சொன்னது. கை கேட்கவில்லை. இவ்வளவு பெரிய வட்டம் போடுகிற மீன் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கை கணக்குப் போட்டுவிட்டது. வீசினேன்.

தவளை விழுந்த இடத்தில் தண்ணீர் மெதுவாக உள்வாங்கியது. விரால் அடித்தால் கல் விழுந்த மாதிரி தெறிக்கும். இது தெறிக்கவில்லை. தூண்டில் நரம்பு விறைத்தது. சுண்டி இழுத்தேன்.

மீன் போராடவே இல்லை. இழுக்க இழுக்க வந்தது. கரையில் போட்டபோது முழங்கை நீளம் இருந்தது, கறுத்து, உருண்டு. துள்ளவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது. முள் உள்ளே தொண்டைவரை போயிருந்தது. அதன் தலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஏதோ மின்னியது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். தங்க ரேக்கு. பகோடாவில் புத்தர் சிலைக்கு ஒட்டுவார்களே, அந்தத் தாள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. அஞ்சலி.

"என்னங்க..."

"சொல்லும்மா. கரண்ட் போயிடுச்சா? ஃபேன் இல்லையா?"

"கரண்ட் இருக்கு. மூச்சு வாங்குதுங்க. திடீர்னு. தொண்டையில ஏதோ குத்துது."

என் காலடியில் மீன் வாயைத் திறந்தது. போனில் அவள் மூச்சை இழுத்தாள். மீன் வாயை மூடியது. போனில் சத்தம் நின்றது.

"ஷிரினைக் கூப்பிடு. உடனே கூப்பிடு" என்று கத்தினேன். ஷிரின் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி.

அஞ்சலி அதைக் காதில் வாங்கவில்லை. தூக்கத்தில் பேசுகிறவள் போல மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க ஏன் இவ்ளோ உசரமா இருக்கீங்க?"

"என்ன சொல்ற?"

"மேல குனிஞ்சு பாக்குறீங்க. ஒங்க மொகத்துக்குப் பின்னால வெயில் அடிக்குது. கண்ணு கூசுது."

நான் குனிந்துதான் இருந்தேன். வெயில் என் பின்னால்தான் இருந்தது.

"ஏங்க."

"ம்."

"ஒங்க பின்னாடி நிக்கிற அம்மா யாரு?"

திரும்பினேன்.

யாரும் இல்லை. சுரைப்பந்தல், படல், காலியான பாதை. ஆனால் ஈரத் தனகாவின் வாசனை அடித்தது. பர்மியப் பெண்கள் கன்னத்தில் அரைத்துப் பூசும் அந்த மரப்பட்டையின் வாசனை. யாரோ இப்போதுதான் குளித்துவிட்டுப் பூசிக்கொண்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நிற்பதுபோல, அவ்வளவு பக்கத்தில்.

பாதையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ரவி. காலிக் கூடைகளோடு வந்தவர் என்னையும் தூண்டிலையும் பார்த்தார். வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு ஓடி வந்தார்.

"மாப்ள! எதப் புடிச்சீங்க? தலையில தங்கம் இருக்கா? பாத்துச் சொல்லுங்க, தங்கம் இருக்கா?"

"இருக்கு மச்சான். அஞ்சலிக்கு..."

அவர் என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"அது அஞ்சலிக்கு விட்டது, மாப்ள."

ஓடி வந்த மூச்சோடு சொன்னார். உயிர் போகிற நிலையில் இருப்பவருக்காக, வெட்டுக்குப் போகிற ஒரு மீனை வாங்கித் தண்ணீரில் விடுவது பர்மிய வழக்கம். டாக்டர் கைவிட்ட மறுநாள் விடியற்காலையில், சந்தையில் அரிவாள்மனை வரைக்கும் போன விராலை ரவி வாங்கி வந்து, தலையில் ரேக்கு ஒட்டி, இந்தக் குளத்தில் விட்டிருக்கிறார். குளம் வற்றக்கூடாது என்று சுரைக்கொடியைக் காயவிட்டுத் தண்ணீரை இங்கே இறைத்திருக்கிறார்.

"ஏன் மச்சான் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா சிரிப்பீங்க" என்றார்.



ரவி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுப் புல்லில் வைத்தார். நான் தூண்டில் பையிலிருந்த கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு மண்டியிட்டேன். போனில் இப்போது ஷிரினின் குரல்.

"அண்ணே, நாந்தான். அக்கா கீழ விழுந்து கெடக்காங்க. தொண்டையப் புடிச்சிக்கிறாங்க. ஒதடு நீலமாவுது அண்ணே!"

பிளேயரை மீனின் வாய்க்குள் விட்டேன். முள்ளைப் பற்றினேன்.

போனில் அஞ்சலி முனகினாள்.

கையை எடுத்துவிட்டேன். "என்னால முடியாது மச்சான்."

"இழுக்காதீங்க. முள்ளுத் தண்ட வெட்டுங்க" என்றார் ரவி.

மறுபடி பிளேயரை விட்டேன். முள்ளின் தண்டை இரண்டு இடத்தில் நறுக்கினேன். ஒவ்வொரு நறுக்குக்கும் போனில் ஒரு சத்தம் வந்தது. அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு துண்டு, இன்னொரு துண்டு, கடைசியாகக் கொக்கி. வெளியே வந்தபோது என் கையெல்லாம் ரத்தம். மீனை இரண்டு கையாலும் ஏந்தி, சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன்.

தண்ணீரில் வைத்தேன். மீன் அசையவில்லை.

போனில் ஷிரின் அழுதுகொண்டிருந்தாள். அஞ்சலியின் சத்தம் எதுவும் இல்லை.

'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கினேன். பாதிக்கு மேல் வார்த்தை வரவில்லை. முதுகில் தனகா வாசனை நெருங்கியது. நான் போனைக் கேட்கக் கரைப் பக்கம் திரும்பி நிற்கிறேன். என் பின்னால் இருப்பது குளம் மட்டும்தான். அதிலிருந்து ஒரு குளிர்ந்த காற்று என் பிடரியில் பட்டு நின்றது, பட்டு நின்றது.

பயம் என் பெருமையைப் பிடுங்கிப் போட்டது. "அமே" என்றேன். பர்மிய மொழியில் அம்மா. "அமே, தெரியாம எடுத்துட்டேன். ஒங்ககிட்டயே விட்டுடறேன். அவள விட்ருங்க."

கைக்குள் மீன் நெளிந்தது.

மெதுவாக மேலே வந்து வாயைத் திறந்தது. ஒரு குட்டை மூச்சு. இன்னொன்று. பிறகு ஒரு நீளம். ஒரு குமிழி.

"அண்ணே! மூச்சு விட்டுட்டாங்க! அக்கா முழிச்சிட்டாங்க!"

நான் அந்தத் தண்ணீரிலேயே நின்று சிறுபிள்ளை மாதிரி அழுதேன். விரால் என் கையை விட்டு ஆழத்துக்குப் போய்விட்டது.

கரைக்கு வந்ததும் ரவியிடம் கேட்டேன். "மச்சான், அஞ்சலி சொன்னா, எம் பின்னால ஒரு அம்மா நின்னாங்களாம்."

யார் என்று அவர் கேட்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக் கைகூப்பினார். கூப்பிய கையை நெடுநேரம் இறக்கவில்லை.

"இந்தக் கொளத்துக்கு ஒரு காவல் இருக்கு. மீன விடறப்போ அவங்ககிட்டதான் ஒப்படைச்சேன். பாத்துக்கச் சொன்னேன்."

"இப்ப திருப்பி விட்டாச்சே. சரியாப் போச்சுல்ல?"

"ஒப்படைச்சத நீங்க கையில எடுத்துட்டீங்க மாப்ள. இனிமே அவங்க எங்க இருந்து பாத்துக்குவாங்கன்னு எனக்குத் தெரியல."

ஈரச் சட்டையோடு பஸ் ஏறினேன். கூட்டம் நெரிந்தது. ஒரு கர்ப்பிணிப் பெண்கூட நின்றுகொண்டுதான் வந்தாள். என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. உட்காரச் சொல்லி நான் கையைக் காட்டினேன். அவள் அந்த இடத்தைப் பார்த்து மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தாகேதா வரும்வரை நான் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தேன்.

மணி பன்னிரண்டு. தெருவில் நல்ல வெயில். கதவைத் தட்டினேன். அஞ்சலிதான் வந்து திறந்தாள். கொஞ்சம் வெளுத்திருந்தாள், அவ்வளவுதான். நின்றாள், நடந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அது போதும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் கதவைச் சாத்தவில்லை.

கதவைப் பிடித்தபடியே ஒதுங்கி, வாசலுக்கு வழிவிட்டு நின்றாள். ஒரு வயதானவர் படியேறி வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். அதன் பிறகுதான் சாத்தினாள்.

"அஞ்சலி, யாரு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மூலையிலிருந்த பிரம்பு நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் இருக்கை லேசாக அமுங்கி, கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது. வீட்டுக்குள் தனகா மணந்தது.

அஞ்சலி நாற்காலிக்கு முன்னால் முழங்காலிட்டாள். பிறந்த வீட்டு வழக்கப்படி இரண்டு கைகளையும் நெற்றிக்குக் கொண்டுபோனாள். பிறகு பர்மிய மொழியில், மிகவும் பணிவாகக் கேட்டாள்.

"எவ்வளவு நாளைக்கு, அமே?"

பதில் எனக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. சரி என்று தலையாட்டினாள். எழுந்து என் முகத்தைப் பார்க்காமலே சமையலறைக்குப் போய், மூன்று பேருக்கு உலை வைத்தாள்.